எண்ணி ஒழித்த நோய்

நம் வீட்டுப் பெரியவர்களிடம் ‘நரம்புச் சிலந்தி’ என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள். எண்பது வயதைக் கடந்தவர்களில் சிலர் அதைக் கேட்டவுடனே முகம் சுளிப்பார்கள். தங்கள் சிறு பிராயத்தில் உறவினர் ஒருவர் காலில் குச்சியைக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் திண்ணையிலே கிடந்த கதையைச் சொன்னாலும் சொல்வார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகளோ, அது ஏதோ ஒரு பூச்சியின் பெயர் என்று எண்ணிக்கொள்வார்கள். ஒரு நோயின் பெயர் இரண்டு தலைமுறைக்குள் வீட்டுப் பேச்சிலிருந்தே மறைந்துவிட்டது என்றால், அதைவிட மகிழ்ச்சிக்குரிய மறதி வேறு உண்டோ?

சிலந்தி என்றால் எட்டுக்கால் பூச்சி என்றுதான் இன்று நாம் பொருள் கொள்கிறோம். கட்டி, புண் என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. நரம்பு போல் நீண்ட ஒரு புழு, கட்டியை உடைத்துக்கொண்டு வெளியே வருவதால் நம் முன்னோர் அந்நோய்க்கு நரம்புச் சிலந்தி என்று பெயரிட்டனர். வடமொழி வைத்திய நூல்களும், தசைநாரைக் குறிக்கும் ‘ஸ்நாயு’ என்ற சொல்லைக் கொண்டே அதனை ‘ஸ்நாயுகம்’ என்று வழங்கின. ராஜஸ்தானத்துக் கிராமங்களில் அதன் பெயர் ‘நாரு’. ஜெய்ப்பூரிலும் ஜோத்பூரிலும் வெகு காலமாகக் குடியிருக்கும் நம் அன்பர்கள் இந்தப் பெயரைக் கேட்டிருக்கக்கூடும்.

நம் நாட்டில் இந்நோயின் கடைசி நோயாளி 1996-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ராஜஸ்தானத்தின் ஜோத்பூர் ஜில்லாவில் காணப்பட்டார். அதன் பின் ஒருவர்கூட இல்லை. இதற்குத் தடுப்பூசி அன்றும் இல்லை, இன்றும் இல்லை. புழுவைக் கொல்லும் மருந்தும் இல்லை. ஒரு முறை வந்தவருக்கு மறுமுறை வராது என்ற உறுதியும் இல்லை. பின் எவ்வாறு ஒழிந்தது? யார் கண்ணிலும் படாத மலைக்கிராமங்களில் எத்தனை பேருக்கு இந்நோய் இருக்கிறது என்று ஒருவர் விடாமல் எண்ணியதால் ஒழிந்தது என்பதே நாம் அறிந்துகொண்ட விடை. அந்த எண்ணிக்கையின் கதையைத்தான் இம்மாதம் அன்பர்கள் முன் வைக்கிறோம்.

படியில் இறங்கும் கால்

விடுமுறை நாட்களில் குழந்தைகளுடன் அதாலஜ் சென்றவர்களும், ஆபாநேரி சென்றவர்களும் நம்மில் பலர். பாட்டணத்து ராணியின் வாவியைப் பார்க்கக் கொடுத்து வைக்காதவர்கள்கூட, 100 ரூபாய் நோட்டைத் திருப்பினால் அதன் வடிவைக் காணலாம். பூமிக்குள்ளே மாளிகை எழுப்பியது போன்ற அந்தப் படிக்கிணறுகளின் அழகுக்கு ஈடு சொல்ல முடியாது. நீர் வற்ற வற்ற மனிதன் அதனைத் தொடர்ந்து கீழே இறங்கிச் செல்லட்டும் என்று வகுத்த அறிவு வியக்கத்தக்கது.

சிற்பமும் தூணும் இல்லாத, கரடுமுரடான கற்படிகளை மட்டுமே உடைய சிறு படிக்கிணறுகள் ராஜஸ்தானத்துக் கிராமங்களில் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றைப் படமெடுக்க யாரும் போவதில்லை. குடம் எடுத்துச் செல்லும் பெண் கடைசிப் படியில் நின்று, கணுக்கால் அளவு நீரில் இறங்கி, குடத்தைச் சாய்த்து நிரப்புவாள். குடிநீரும் அவள் பாதமும் ஒரே நீரில் கலந்திருந்தன. அந்த ஓர் அடியில்தான் நாருப் புழுவின் வாழ்வு அடங்கியிருந்தது.

புழுவின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். நீரில் சைக்ளாப்ஸ் என்னும் மிகச் சிறிய உயிர் ஒன்று உண்டு. கண்ணாடிக் குவளையில் நீரை எடுத்து வெளிச்சத்தில் உற்று நோக்கினால் வெண்புள்ளியாகத் துள்ளுவது தெரியும். நாருப் புழுவின் குஞ்சுகளை அது விழுங்குகிறது. இரண்டு வாரம் போல அதனுள்ளே வளர்ந்த அக்குஞ்சுகள், அந்நீரைக் குடிக்கும் மனிதனின் வயிற்றை அடைகின்றன. அங்கே சைக்ளாப்ஸ் செரித்துப் போகிறது, குஞ்சுகள் செரிப்பதில்லை. குடலைத் துளைத்து உடலுக்குள் புகுகின்றன. ஆண் புழு இணைந்த பின் மடிகிறது. பெண் புழு தோலடியில் ஊர்ந்து வளர்ந்து, ஏறக்குறைய ஓராண்டில் இரண்டடி முதல் மூன்றடி நீளத்தை எட்டுகிறது. அந்த ஓராண்டு முழுவதும் மனிதனுக்கு ஒன்றும் தெரியாது.

பிறகு ஒரு நாள், பெரும்பாலும் காலிலோ பாதத்திலோ, ஒரு கொப்புளம் எழுகிறது. தீயை வைத்தாற்போல் எரிகிறது. எரிகின்ற காலை எங்கே வைப்பது? குளிர்ந்த நீரில்தான் வைக்கத் தோன்றும். படிக்கிணற்றில் கால் நனைந்தவுடனே கொப்புளம் உடைகிறது. புழு தலை நீட்டி லட்சக்கணக்கான குஞ்சுகளை நீரில் உமிழ்கிறது. சைக்ளாப்ஸ் மீண்டும் அவற்றை விழுங்குகிறது. நோயாளி தேடிய ஆறுதலே அடுத்த ஆண்டு ஊராருக்கு நோயாகிறது. இந்தச் சுழற்சியில் சைக்ளாப்ஸுக்கு உள்ள பங்கை 1870-ஆம் ஆண்டளவில் மத்திய ஆசியாவில் ஆராய்ந்து கண்டவர் பெட்சென்கோ என்னும் ரஷ்ய விஞ்ஞானி.

வெளியே தலை காட்டிய புழுவை ஒரே இழுப்பில் எடுக்க இயலாது. அறுந்துவிட்டால் உள்ளே தங்கிய பகுதி சீழ் பிடித்து, காலே வீங்கிவிடும். ஆகவே அதை ஒரு சிறு குச்சியில் சுற்றி, நாளுக்கு ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் என்று மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். வாரக்கணக்கில் இந்த வேதனை நீடிக்கும். பல ஆயிரம் ஆண்டுகளாக மனித குலம் கண்ட வைத்தியம் இந்தக் குச்சி ஒன்றுதான்.

நோய் இல்லாத ஊர்

ராஜஸ்தானத்தின் தென்கோடியில் பான்ஸ்வாடா, டுங்கர்பூர், உதயபூர் ஜில்லாக்கள் உள்ளன. ஆரவல்லி மலைத்தொடர் சிறு சிறு குன்றுகளாகச் சிதறிக் கிடக்கும் நாடு அது. அங்கே பெரும்பாலும் பீல் இனத்துப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். நம் ஊர்களைப் போல் தெருவும் திண்ணையுமாக அடுத்தடுத்து வீடுகள் அமைவதில்லை. குன்றுக்கு ஒரு குடிசை. குடிசையைச் சுற்றி அவரவர் நிலம். அடுத்த வீட்டுக்குப் போக ஓடையைக் கடந்து ஏற வேண்டும். இத்தகைய ஊரில் எத்தனை பேர் நோயாளிகள் என்று அறிவது எங்ஙனம்?

1980-களின் பிற்பகுதியில் அப்பகுதியில் குடிநீர்ப் பணியில் பொறியாளராக இருந்த ஒருவர் இன்று நமது சங்கத்தின் மூத்த அங்கத்தினர். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, அவர் நம்மிடம் கூறியதை இங்கே தருகிறோம்.

“ஒரு ஊருக்குச் சென்று அங்குள்ள பெரியவரிடம், ‘ஊரில் யாருக்கேனும் நோய் உண்டா?’ என்று விசாரித்தேன். ‘தெய்வ கிருபையால் ஒருவருக்கும் இல்லை, ஸாஹப்’ என்றார். குறிப்பேட்டில் சுழியைப் போட்டுக்கொண்டு திரும்பினேன். வழியிலே ஒரு குடிசை வாசலில் கயிற்றுக் கட்டிலில் இளைஞன் ஒருவன் படுத்திருந்தான். கணுக்காலில் கந்தல் துணி. அதனடியில் ஒரு குச்சி. குச்சியைச் சுற்றி வெள்ளை நூல் போல ஒன்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடன் வந்த பெரியவரிடம், ‘இது நோய் இல்லையா, ஐயா?’ என்றேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார். ‘இதுவா? இது நாரு அல்லவா, ஸாஹப்! மழைக்கு முன்னால் வருவது வழக்கந்தானே!’ என்றார்.

“அருகே குடத்துடன் நின்ற ஒரு மூதாட்டிக்கு என் திகைப்பு புரிந்துவிட்டது. ‘பேட்டா, யாருக்கு நோய் என்று கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். யாருடைய நிலம் உழாமல் கிடக்கிறது என்று கேள்’ என்றாள். அவ்வாறே கேட்டோம். போட்ட சுழியை அடித்துவிட்டுப் பெயர்களை எழுதத் தொடங்கினேன். ஒரு பக்கம் போதவில்லை.”

இவ்வரலாற்றை நாம் பன்முறை எண்ணிப் பார்த்தோம். பொய் சொன்னவர் அங்கே யாருமில்லை. நோய் என்றால் என்றைக்கோ வந்து போவது. ஆண்டுதோறும் வருவதை அவர்கள் பருவம் என்று கொண்டார்கள். மழை வருவது போல் நாருவும் வரும். எங்கும் பரவிய துன்பம் யார் கண்ணுக்கும் துன்பமாகத் தெரியாமற் போவது மனித இயல்பு. அதிலும், கோடை முடிந்து முதல் மழை விழும் காலமே புழு வெளிப்படும் காலமாக இருந்தது. ஏர் பூட்ட வேண்டிய நாளில் குடியானவன் கட்டிலில் கிடந்தான். ஆப்பிரிக்காவில் மாலி தேசத்து மக்கள் இதைக் காலியான தானியக் குதிரின் நோய் என்று அழைத்தார்கள் என்றால், அப்பெயரின் பொருத்தத்தை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரிப் பதிவேட்டை நம்பியிருந்தால் உண்மை வெளிவந்திராது. மூன்று மைல் நடக்க முடிந்தவன்தானே ஆஸ்பத்திரிக்கு வருவான்? இந்நோயின் முதல் வேலையே நடக்க முடியாமல் செய்வது. நைஜீரியாவில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். அங்கே ஆண்டுக்குச் சில ஆயிரம் நோயாளிகள் என்றே சர்க்கார் கணக்கு இருந்து வந்தது. நாடு முழுவதும் ஊர் ஊராகச் சென்று தேடிய பிறகு, 1988-ஆம் ஆண்டின் கணக்கு 6,50,000-ஐத் தாண்டியது. நோய் திடீரென்று பெருகிவிடவில்லை. கணக்கெடுப்பவர் வாசற்படிக்கு வந்தார், அவ்வளவுதான்.

சராசரி என்னும் திரை

நம் நாட்டில் நரம்புச் சிலந்தி ஒழிப்புத் திட்டம் 1983-84-ஆம் ஆண்டில் தொடங்கியது. டில்லியில் உள்ள தேசியத் தொற்றுநோய் நிறுவனம் அதனை வழி நடத்தியது. 1984-இல் எடுத்த கணக்கின்படி ராஜஸ்தானம், மத்தியப் பிரதேசம், குஜராத், மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரப் பிரதேசம், தமிழ்நாடு என்னும் 7 மாநிலங்களைச் சேர்ந்த 89 ஜில்லாக்களில், 12,840 கிராமங்கள் நோய்க்கு ஆட்பட்டவை என்று கண்டனர். நோயாளிகள் சுமார் 40,000 பேர்.

நம் தாய்நாடும் அந்தப் பட்டியலில் இருந்தது என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். இது எங்கோ பாலைவனத்தார்க்கு வந்த நோய் என்று தள்ளிவிட நமக்கு உரிமையில்லை. தமிழ்நாட்டில் 1980-களின் தொடக்கத்திலேயே நோய் அற்றுப்போயிற்று. ஆனால் திண்ணையில் குச்சியோடு கிடந்தவர்கள் நம் பாட்டனார் காலத்து மனிதர்களே.

இனி அந்த 40,000 என்ற எண்ணைப் பார்ப்போம். 1981-ஆம் ஆண்டு ஜனக் கணக்கின்படி நாட்டின் மக்கள் தொகை சுமார் 68 கோடி. அப்படியானால் 17,000 பேருக்கு ஒருவர் என்று ஆகிறது. இதைக் கேட்ட எந்த நகரவாசிக்கும், “இவ்வளவு சொற்பமான நோய்க்கா இத்தனை முயற்சி?” என்றே தோன்றும். நோயுள்ள கிராமங்களை மட்டும் எடுத்து வகுத்தாலும், கிராமத்துக்கு மூன்று பேர் என்றுதான் வரும். மூன்று பேர் பெரிய எண்ணா?

இங்கேதான் சராசரி நம்மை ஏமாற்றுகிறது. நாரு மாநிலவாரியாகப் பரவுவதில்லை, கிராமவாரியாகக்கூடப் பரவுவதில்லை, கிணறுவாரியாகப் பரவுகிறது. 200 பேர் வாழும் ஓர் ஊர் என்று வைத்துக்கொள்வோம். மேட்டுப் பக்கத்தார் கயிறும் வாளியும் கொண்டு கிணற்றில் நீர் இறைக்கிறார்கள். அவர்களிடையே ஒருவருக்கும் புழு இல்லை. பள்ளத்துப் பக்கத்தார் படிக்கிணற்றில் இறங்கி நீர் மொள்கிறார்கள். அவர்களில் வீட்டுக்கு ஒருவர் படுக்கையில். இரு பக்கத்தையும் சேர்த்து, பக்கத்து ஐந்து ஊர்களையும் கூட்டி வகுத்தால் ‘மிகச் சொற்பம்’ என்ற விடை கிடைக்கும். பள்ளத்துப் பக்கத்துத் தாய்க்கு அது சொற்பமா? உலகில் இந்நோய் மிகுந்திருந்த ஊர்களில், ஒரே பருவத்தில் ஊரிற் பாதிப்பேர் வரை வீழ்ந்து கிடந்ததுண்டு.

ஒதுங்கிக் கிடக்கும் ஒரு சமூகத்தில் ஒரு நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்ற கேள்விக்கு, ஜில்லாவின் சராசரியை விடையாகச் சொல்வது அந்தச் சமூகத்தை இருக்குமிடம் தெரியாமல் மறைப்பதேயாகும். எந்தக் கிணறு, எந்த வீடு, எந்தக் கால் என்று கேட்டால்தான் உண்மையான எண் கிடைக்கும். அந்த எண் கிடைத்த மறுகணமே என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். கிணற்றின் பெயர் தெரிந்தால் போதுமே!

வீடு வீடாக

இந்த நோய்க்கு ஒரு வசதி உண்டு என்று சொன்னால் அன்பர்கள் தவறாக எண்ண வேண்டாம். காய்ச்சலில் பல வகை. வயிற்றுவலியில் நூறு வகை. காலிலிருந்து புழு வெளிவருவது ஒன்றுதான். அதை அறிய ரத்தப் பரிசோதனை வேண்டாம். உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டாம். எழுத்தறியாத பெண்ணும் ஐயமின்றிச் சொல்லுவாள். ஆகவே புழு வெளிவரும் காலின் படத்தை அட்டையில் அச்சிட்டு, சுகாதார ஊழியர்கள் அதைக் கையில் ஏந்தி, நோயுள்ள பகுதிகளில் ஆண்டுக்குப் பல முறை வீடு வீடாகச் சென்றனர். “உங்கள் வீட்டில் யாருக்கேனும் இது உண்டா? தெரிந்தவர் யாருக்கேனும் உண்டா?” என்று கேட்டனர்.

தென் ராஜஸ்தானத்தில் 1986-இல், யூனிசெப் நிறுவனத்தின் உதவியோடும் ஸ்வீடன் தேசத்தின் உதவியோடும் ‘ஸ்வச்’ என்னும் திட்டத்தை மாநில சர்க்கார் தொடங்கியது. அத்திட்டம் கிராமத்துப் பெண்களையே பணிக்கு எடுத்துக்கொண்டது. இது மிகவும் பொருத்தமான ஏற்பாடு என்பது நமது எண்ணம். ஊருக்கு நீர் சுமப்பவள் பெண். எந்த வீட்டுக் குடம் இன்று கிணற்றுக்கு வரவில்லை என்பது அவளுக்குத்தானே தெரியும்?

நோயாளியைக் கண்டவுடன் செய்தவை மிக எளியவை. புண்ணுக்குக் கட்டுப் போட்டு, புழு முழுதும் வெளிவரும் வரை நீரில் இறங்காதிருக்கச் சொன்னார்கள். குடிநீரை இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டச் சொன்னார்கள். சைக்ளாப்ஸ் கண்ணுக்கெட்டும் அளவினது ஆதலால், நெருக்கமாக நெய்த துணியே அதைத் தடுத்துவிடும். நீர்நிலைகளில் டெமிபாஸ் என்னும் மருந்தை அளவறிந்து கலந்து சைக்ளாப்ஸைக் கொன்றார்கள். படிக்கிணறுகளின் படிகளை அடைத்து, கைப்பிடிச் சுவர் எழுப்பி, உருளையும் கயிறும் வைத்து இறைகிணறுகளாக மாற்றினார்கள். ஆழ்துளைக் கிணறு தோண்டி அடிபம்பு நாட்டினார்கள்.

இவையெல்லாம் எளிதில் நடந்தேறிவிடவில்லை. படிக்கிணறு பாட்டன் வெட்டிய தருமம். அதை மூடலாமா என்று கேட்டவர்கள் உண்டு. அடிபம்பு நீர் துவர்க்கிறது, பருப்பு வேகவில்லை என்றவர்களும் உண்டு என்று நம் மூத்த அன்பர் சொன்னார். பம்பு பழுதானால் மறுநாளே மக்கள் பழைய கிணற்றுக்குத் திரும்பிவிடுவார்கள். நகரத்திலிருந்து பழுது பார்ப்பவன் வந்து சேர ஒரு மாதம் ஆகும். அதற்கு அந்தத் திட்டத்தார் கண்ட வழி வியப்புக்குரியது. பீல் இனப் பெண்களுக்கே பம்பைக் கழற்றி மாட்டும் தொழிலைக் கற்பித்தார்கள். முக்காடு விலகாமல் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, கனத்த இரும்புக் குழாய்களைத் தூக்கி நிறுத்திய அப்பெண்களைக் கண்டு முதலில் சிரித்த ஆண்கள், பம்பில் நீர் வந்தபின் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்களாம்.

பம்பைப் பற்றிச் சொல்லும்போது நம்மவர் பெருமை கொள்ளத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. கிராமத்தாரே எளிதில் பழுது பார்க்கத்தக்க அடிபம்பு வேண்டும் என்று 1980-களில் சோதனைகள் நடந்தபோது, அச்சோதனைகளுக்குக் களமாயிருந்தது நமது கோயம்புத்தூர் வட்டாரம். ‘இந்தியா மார்க் 3’ என்னும் பம்பு அவற்றின் பயனாக உருவானது. கொங்கு நாட்டுக் கிராமத்தார் பல ஆண்டுகள் அடித்துப் பார்த்துத் தேற்றிய பம்பு அது.

கடைசி ஒன்பது பேர்

எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு இறங்கிற்று. 40,000 என்று தொடங்கியது 1995-இல் 60 ஆயிற்று. 1996-இல் 9. அத்துடன் நின்றது.

நோயாளிகள் குறையக் குறைய வேலை குறையும் என்று நாம் எண்ணலாம். உண்மை அதற்கு நேர்மாறானது. நாற்பதாயிரம் பேரில் ஒருவரைக் காண்பது எளிது. கோடிக்கணக்கான மக்களிடையே கடைசி ஒருவரைக் காண்பதே கடினம். ஒரே ஒருவர் கால் நனைத்தாலும் ஓராண்டு கழித்து ஓர் ஊரே படுத்துவிடும். ஆகவே, நோயாளியைப் பற்றித் துப்புக் கொடுப்போருக்குப் பணப் பரிசு அறிவித்தார்கள். ‘யாருக்கோ புழு வந்ததாம்’ என்ற வெறும் வதந்தியைக்கூடப் பதிவேட்டில் எழுதி, நேரில் சென்று பார்த்து, ஆம் இல்லை என்று முடிவு கட்டினார்கள். தேடியும் ஒன்றும் கிடைக்காத மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னரே, 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், இந்தியா இந்நோயிலிருந்து விடுபட்டது என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் சான்று கிடைத்தது.

சுழி என்பதும் ஓர் எண்தான். ஆனால் கேளாமல் போடும் சுழி வேறு. தேடி அலைந்து போடும் சுழி வேறு. நம் மூத்த அன்பர் முதல் நாள் குறிப்பேட்டில் எழுதிய சுழிக்கும், 1997-இல் ஊழியர்கள் எழுதிய சுழிக்கும் வடிவில் வேற்றுமை இல்லை. இரண்டுக்கும் இடையே எத்தனை ஆயிரம் வாசற்படிகள்!

உலகில் இன்னும் இந்தப் புழு முற்றிலும் அழிந்துவிடவில்லை. 1986-இல் சுமார் 35 லட்சம் பேரை வாட்டிய நோய், 2024-ஆம் ஆண்டில் சாட், தெற்கு சூடான் என்னும் இரு நாடுகளில் 15 பேரிடம் மட்டுமே காணப்பட்டது. ஆயினும் சாட் நாட்டில் நாய்களிடத்தும் இப்புழு இருப்பதை 2012 முதல் கண்டு வருகிறார்கள். அதனால் முடிவு தள்ளிப்போகிறது. இந்த ஒழிப்புப் பணியில் பல பத்தாண்டுகள் ஈடுபட்ட அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், கடைசிப் புழு தமக்கு முன்னால் மடிய வேண்டும் என்று விரும்பினார். 2024 டிசம்பரில் தமது நூறாவது வயதில் அவர் மறைந்தார். புழு அவரை முந்திக்கொள்ளவில்லை. ஆனாலும் அதன் நாட்கள் எண்ணப்பட்டு வருகின்றன.

நமக்கு இதில் என்ன?

பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நாம். வந்த இடத்தில் சங்கம் கண்டோம். அங்கத்தினர் பட்டியல் வைத்திருக்கிறோம். ஒருவர் வீட்டில் நோயென்றால் மாலைக்குள் நால்வர் வந்து கதவைத் தட்டுகிறோம். டுங்கர்பூரிலிருந்தும் பான்ஸ்வாடாவிலிருந்தும் இன்றும் ஆயிரக்கணக்கானோர் பிழைப்பைத் தேடி அகமதாபாத்துக்கும் சூரத்துக்கும் வருகிறார்கள். நாம் குடியிருக்கும் அடுக்கு மாடிகளுக்குச் செங்கல் சுமப்பவர்களில் அவர்களும் உண்டு. அவர்களும் நம்மைப் போல் ஊர் விட்டு வந்தவர்களே. ஆனால் அவர்களில் பலருடைய பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. வேலை முடிந்ததும் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர்களில் ஒருவர் நோயுற்றால் கதவைத் தட்ட நால்வர் இல்லை. தட்டுவதற்குக் கதவும் இல்லை.

நாரு போய்விட்டது. வேறு புழுக்கள் போய்விடவில்லை. மண்ணிலிருந்து பற்றும் கொக்கிப் புழுவும் நாக்குப் பூச்சியும் குழந்தைகளின் ரத்தத்தையும் வளர்ச்சியையும் இன்றும் உறிஞ்சுகின்றன. 2015 முதல் பிப்ரவரி மாதத்தில் தேசியக் குடற்புழு நீக்க நாள் என்று ஒன்றை ஏற்படுத்தி, 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் மாத்திரை வழங்குகிறார்கள். நம் பிள்ளைகள் பள்ளியில் வாங்கிக்கொள்வார்கள். நம் வீட்டுக்கு எதிரே எழும்பும் கட்டடத்தின் மணற்குவியலில் விளையாடும் குழந்தைக்கு அந்த மாத்திரை கிடைத்ததா என்று யார் கேட்பது?

நாம் கேட்கலாம். அதற்குப் பட்டமோ பதவியோ வேண்டியதில்லை. வரும் பிப்ரவரியில் நமது சங்கத்து மாதர் பிரிவினர், அவரவர் வட்டாரத்துக் கட்டடக் கொட்டகைகளுக்குச் சென்று, எத்தனை குழந்தைகள் உள்ளனர் என்று எண்ணி, அருகிலுள்ள அங்கன்வாடிக்கு அந்தப் பட்டியலைக் கொடுப்பார்களானால், அது ஒரு பொங்கல் விழாவுக்குக் குறைந்த பணி ஆகாது. மாத்திரையைச் சர்க்கார் தருகிறது. எண்ணுவதற்குத்தான் ஆள் வேண்டும்.

முடிவாக ஒரு வேண்டுகோள். நரம்புச் சிலந்தியை நேரில் கண்ட பெரியவர்கள் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். எந்த ஊர், எந்தக் குளம், எந்தக் கிணறு, ஊரார் அதற்கு என்ன செய்தார்கள் என்பதை அவர்கள் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளைகள் எழுதி அனுப்பினால், மகிழ்வுடன் இவ்விதழில் வெளியிடுவோம். மறந்துவிட்ட துன்பம் மீண்டும் வர வேண்டாம். அதை வென்ற வழியை மட்டும் நாம் மறவாதிருப்போமாக.